"பவர் ஊசி" என்று ஒன்று இல்லை: கால்நடைகளுக்கான மேக்ரோலைடு மருந்துகள் எப்படி வேலை செய்கின்றன?

கால்நடை மருந்துக் கடையிலும் பண்ணைகளிலும் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது: "பென்சிலின் போட்டோம், கேட்கவில்லை. அதைவிடப் பவரானது ஏதாவது கொடுங்கள்." ஆன்டிபயாட்டிக்குகள் எல்லாம் ஓர் ஏணியில் படிப்படியாக அடுக்கி வைக்கப்பட்டவை, மேலே போகப் போக வீரியம் கூடும் என்ற எண்ணம் நம்மிடம் ஆழமாக இருக்கிறது. இந்த எண்ணத்தால் கால்நடையும் கெடுகிறது, காசும் போகிறது.

டைலோசின் என்ற மருந்தை எடுத்துக்கொள்வோம். கோழிக்கு வரும் நாள்பட்ட சுவாச நோய்க்கு, அதாவது பண்ணையாளர்கள் சி.ஆர்.டி. என்று சொல்லும் நோய்க்கு, அது நன்றாகக் கேட்கும். கன்றுக்குட்டிக்கு ஈ.கோலை கிருமியால் வரும் கழிச்சலுக்கு ஒன்றும் செய்யாது. குதிரைக்குக் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து. அப்படியானால் டைலோசின் பவரானதா, பவர் இல்லாததா? கேள்வியே தவறு. கேட்க வேண்டியவை வேறு இரண்டு: இந்த மருந்து கிருமியின் எந்த இடத்தைப் பிடிக்கிறது? விலங்கின் உடலில் எங்கே போய்த் தங்குகிறது?

டைலோசின் சேர்ந்த குடும்பத்துக்கு மேக்ரோலைடு என்று பெயர். அந்த இரண்டு கேள்விகளுக்கும் பதில் தெரிந்தால் இந்தக் குடும்பத்தின் நன்மை, தீமை, எச்சரிக்கை எல்லாம் தாமாகவே புரியும்.

குடும்பத்தில் யார் யார்?

இந்தக் குடும்பத்தின் மூத்த மருந்துகள் மண்ணில் வாழும் பாக்டீரியாக்களிடமிருந்து வந்தவை. 1949-இல் பிலிப்பைன்ஸின் இலோய்லோ பகுதியிலிருந்து அபெலார்டோ அகிலார் என்ற மருத்துவர் அமெரிக்காவின் எலி லில்லி நிறுவனத்துக்கு மண் மாதிரி அனுப்பினார். அதிலிருந்த ஒரு நுண்ணுயிர் சுரந்த பொருள்தான் எரித்ரோமைசின். 1952-இல் மருந்தாக வந்தது. டைலோசின் தாய்லாந்து மண்ணில் கிடைத்த ஒரு பாக்டீரியாவின் கொடை. மனிதர்களுக்கு அதைப் பயன்படுத்துவதில்லை. முழுக்க முழுக்கக் கால்நடை மருந்து. ஸ்பைராமைசினும் இந்தத் தலைமுறைதான்.

அப்புறம் வந்தவை ஆய்வகத்தில் மாற்றி அமைத்தவை. டைலோசினிலிருந்து டில்மிகோசின் வந்தது. எரித்ரோமைசினிலிருந்து அசித்ரோமைசின் வந்தது. அதைக் கண்டுபிடித்தது 1980-இல் இன்றைய குரோவேஷியாவின் சாக்ரெப் நகரில் இருந்த பிளிவா நிறுவனம். மாட்டின் நுரையீரல் நோய்க்கென்றே உருவான துலாத்ரோமைசின் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தது.

இவை எல்லாவற்றுக்கும் பொதுவான அடையாளம், மூலக்கூறின் நடுவில் இருக்கும் பெரிய வளையம். 14, 15 அல்லது 16 அணுக்கள் சேர்ந்த வளையம் அது. அதன் ஓரத்தில் சர்க்கரைத் துண்டுகள் தொங்கும்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். குடற்புழுவுக்கும் உண்ணிக்கும் போடும் ஐவர்மெக்டினிலும் பெரிய வளையம் உண்டு. அதன் மூலப்பொருளும் மண் பாக்டீரியாவிலிருந்து வந்ததுதான். அதனால் இரண்டும் ஒன்று என்று நினைப்பவர்கள் உண்டு. ஐவர்மெக்டின் புழு, உண்ணி ஆகியவற்றின் நரம்பையும் தசையையும் முடக்கும் மருந்து. பாக்டீரியா நோய்க்கு அதைப் போடுவதில் பயனில்லை. புழுவுக்கு டைலோசின் போடுவதிலும் பயனில்லை.

கிருமிக்குள் நடப்பது என்ன?

இடியாப்ப உரலை நினைத்துக்கொள்ளுங்கள். மேலே மாவு, கீழே துளை. அழுத்த அழுத்த மாவு இழையாக நீண்டு வெளியே வருகிறது. துளைக்குள் ஒரு சிறு கட்டி போய் அடைத்துக்கொண்டால்? மாவும் சரியாக இருக்கும், அழுத்தும் கையும் சரியாக இருக்கும், ஆனால் இழை வராது.

பாக்டீரியா உயிர் வாழவும் பெருகவும் ஓயாமல் புரதம் செய்ய வேண்டும். அதைச் செய்யும் நுண்ணிய இயந்திரத்துக்கு ரைபோசோம் என்று பெயர். ரைபோசோமுக்குள் அமினோ அமிலங்கள் ஒவ்வொன்றாகக் கோக்கப்பட்டுச் சங்கிலியாகின்றன. அந்தச் சங்கிலி ஒரு குறுகிய சுரங்கம் வழியாக வெளியே வரவேண்டும். மேக்ரோலைடின் பெரிய வளையம் போய் உட்காருவது அந்தச் சுரங்கத்தின் தொடக்கத்தில்தான். சங்கிலி சில கண்ணிகள் நீள்கிறது, முட்டுகிறது, நின்றுவிடுகிறது. சில புரதங்கள் எப்படியோ நழுவி வெளியே வந்துவிடும். ஆனால் தேவையான பலவற்றை அந்தக் கிருமியால் செய்யமுடியாமல் போகிறது.

மாட்டின் செல்லிலும் ரைபோசோம் உண்டே, அது ஏன் நிற்பதில்லை? ரைபோசோமைக் கட்டும் ஆர்.என்.ஏ. என்ற நீண்ட இழை, எழுத்துகளைக் கோத்ததுபோல் சிறு வேதி அலகுகளால் ஆனது. மருந்து ஒட்டும் அந்த முக்கியமான இடத்தில் பாக்டீரியாவுக்கு ஒரு வேதி எழுத்து, நமக்கும் விலங்குகளுக்கும் வேறோர் எழுத்து. அந்த ஒரே எழுத்து வேறுபாட்டால் மருந்து நம் ரைபோசோமில் சரியாக ஒட்டுவதில்லை. இத்தனை சிறிய வித்தியாசத்தை நம்பித்தான் ஒரு மருந்துக் குடும்பமே நிற்கிறது. நினைத்துப் பார்த்தால் வியப்பாகத்தான் இருக்கிறது.

புரதம் நின்றால் கிருமி உடனே சாகுமா? பெரும்பாலும் இல்லை. பெருகுவது நிற்கும். நின்றுபோன கிருமிகளை விழுங்கி அழிப்பது விலங்கின் வெள்ளையணுக்கள். அதனால்தான் ஊசி போட்டுவிட்டு, ஈரத்தரையிலும் அம்மோனியா நெடி அடிக்கும் கொட்டகையிலும் விட்டுவைத்தால் குணம் தெரிவதில்லை. பாதி வேலையைச் செய்ய வேண்டிய உடல் ஏற்கெனவே ஓய்ந்து கிடக்கிறது.

இதிலிருந்தே இன்னொன்றும் புரியும். பென்சிலின் வேலை செய்வது, கிருமி வளர்ந்து புதிதாகச் செல்சுவர் கட்டும்போது. மேக்ரோலைடு அந்த வளர்ச்சியையே நிறுத்துகிறது. இரண்டையும் சேர்த்துப் போட்டால் இரட்டைப் பவர் என்று நினைப்போம்; உண்மையில் ஒன்று மற்றொன்றின் வேலையைக் கெடுக்கக்கூடும்.

எந்தக் கிருமிக்குக் கேட்கும்?

சுரங்கத்தை அடைக்க வேண்டுமென்றால் மருந்து முதலில் கிருமிக்குள் நுழைய வேண்டும். ஈ.கோலை, சால்மோனெல்லா போன்றவற்றுக்குச் செல்சுவருக்கும் வெளியே கூடுதலாக ஒரு சவ்வு உண்டு. இப்படிப்பட்டவற்றைக் கிராம் நெகட்டிவ் பாக்டீரியா என்பார்கள். பருத்த மேக்ரோலைடு மூலக்கூறு அந்தச் சவ்வைத் தாண்டத் திணறும். கன்றுக் கழிச்சலுக்கு டைலோசின் உதவாததன் காரணம் இதுதான். எல்லாக் கிராம் நெகட்டிவ்களுக்கும் இது அப்படியே பொருந்தாது. பாஸ்டுரெல்லா, மான்ஹைமியா என்ற நுரையீரல் கிருமிகளை டில்மிகோசினும் துலாத்ரோமைசினும் எட்டிவிடும். அவற்றை உருவாக்கியதே அதற்காகத்தான்.

வெளிச்சவ்வு இல்லாத ஸ்டாஃபிலோகாக்கஸ், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வகைகளில் மருந்து எளிதாக நுழையும். மடிநோயை உண்டாக்கும் கிருமிகளில் பல இந்த வகை. அதே மடிநோய் ஈ.கோலையால் வந்திருந்தால் கதை வேறு. ஆகவே "மடிநோய்க்கு எந்த ஊசி?" என்று நோயின் பெயரை மட்டும் சொல்லிக் கேட்டால் யாராலும் சரியாகப் பதில் சொல்ல முடியாது. பாலைச் சோதித்துக் கிருமி எது என்று பார்த்தால்தான் தெரியும்.

இந்தக் குடும்பம் உண்மையில் ஒளிர்வது மைக்கோபிளாஸ்மா என்ற கிருமியிடம். மைக்கோபிளாஸ்மாவுக்குச் செல்சுவரே கிடையாது. பென்சிலின் தாக்குவதோ செல்சுவரைக் கட்டும் வேலையை. இல்லாத சுவரை எப்படித் தாக்குவது? எத்தனை பாட்டில் பென்சிலின் போட்டாலும் மைக்கோபிளாஸ்மாவுக்கு உறைக்காது. ஆனால் ரைபோசோம் அதற்கும் வேண்டும். அங்கேதான் மேக்ரோலைடு பிடிக்கிறது. "பென்சிலின் கேட்கவில்லை, டைலோசின் கேட்டது, அதனால் டைலோசின்தான் பவர்" என்ற முடிவு பிறப்பது இப்படித்தான். தாக்கும் இடம் மாறியது, அவ்வளவே.

நாமக்கல் வட்டாரத்து முட்டைக்கோழிப் பண்ணைகளில் சி.ஆர்.டி. பழகிப்போன பெயர். அதன் காரணி மைக்கோபிளாஸ்மா கேலிசெப்டிகம். குளிரான இரவுகளில் பக்கவாட்டுப் படுதாவை இறக்கிவிட்டால் காற்றோட்டம் குறையும், அம்மோனியா ஏறும், மூச்சுக்குழல் புண்ணாகும், நோய் தலைதூக்கும். தண்ணீரில் டைலோசினோ டில்மிகோசினோ கலந்து கொடுத்தால் இருமலும் மூக்கொழுகலும் குறையும். ஆனால் கிருமி மந்தையை விட்டு முழுதாகப் போய்விடாது. தாய்க்கோழியிலிருந்து முட்டை வழியாகவே குஞ்சுக்கும் அது கடக்கும். அதனால் கிருமி இல்லாத தாய்க்கோழி மந்தையிலிருந்து குஞ்சு வாங்குவதற்கு ஈடாக எந்த மருந்தும் இல்லை. ஆடுகளுக்கு வரும் தொற்று நுரையீரல் நோயிலும், பன்றிகளின் நாள்பட்ட நிமோனியாவிலும் மைக்கோபிளாஸ்மாதான் காரணி.

வைரஸுக்கு ரைபோசோம் கிடையாது. கோமாரி, ஆட்டுக்கொல்லி, கோழிகளின் வெள்ளைக் கழிச்சல் மூன்றும் வைரஸ் நோய்கள். அவற்றுக்குத் தடுப்பூசிதான் வழி. அந்த நோய்களின் மேல் பாக்டீரியா தொற்றும் ஏறிக்கொண்டால் மட்டும், அந்தப் பாக்டீரியாவுக்காக மருத்துவர் ஆன்டிபயாட்டிக் எழுதுவார்.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: மேக்ரோலைடு கிருமியின் புரதச் சுரங்கத்தை அடைத்துப் பெருக்கத்தை நிறுத்துகிறது. உள்ளே நுழைய முடிந்த கிருமியிடம்தான் பலிக்கும். செல்சுவர் இல்லாத மைக்கோபிளாஸ்மாவிடம் நன்றாகப் பலிக்கும். வைரஸிடம் பலிக்கவே பலிக்காது.

உடலுக்குள் எங்கே போய்த் தங்குகிறது?

இரண்டாவது கேள்விக்கு வருவோம். மேக்ரோலைடுகள் கொழுப்பில் கரையக்கூடியவை. காரத்தன்மையும் சற்று உண்டு. இந்த இரண்டு குணங்களும் சேர்ந்தால் ஒரு விசித்திரம் நடக்கும். காரத்தன்மை கொண்ட மூலக்கூறு, அமிலம் அதிகமான இடத்துக்குள் நுழைந்ததும் மின்னூட்டம் ஏறிவிடும். மின்னூட்டம் ஏறியதும் கொழுப்பாலான சவ்வைத் தாண்டி வெளியே வரமுடியாது. உள்ளே போவது எளிது, திரும்புவது கடினம்.

வெள்ளையணுக்களுக்குள் லைசோசோம் என்ற சிறு பைகள் உள்ளன. விழுங்கிய பொருளைச் செரிக்கும் அமிலப் பைகள் அவை. மேக்ரோலைடு அங்கே போய்க் குவிகிறது. நுரையீரலில் இத்தகைய செல்கள் ஏராளம். அதனால் இரத்தத்தில் அளவு இறங்கிய பிறகும் நுரையீரலில் மருந்து வெகுநாள் நிற்கும். மாட்டின் நுரையீரலில் துலாத்ரோமைசின் பாதியாகக் குறைவதற்கே ஏறக்குறைய 8 நாள் ஆகிறது. இறைச்சிக்காக மாடுகளைத் தீனி போட்டுக் கொழுக்க வைக்கும் அமெரிக்காவின் பெரிய பண்ணைகளில், நெடுந்தூரம் லாரியில் வந்த கன்றுகளுக்கு வரும் நிமோனியாவுக்கு ஒரே ஒரு ஊசியோடு நிறுத்திக்கொள்ள முடிவது இதனால்தான். "ஒரே ஊசி போதும் என்றால் எவ்வளவு பவராக இருக்க வேண்டும்!" என்பார்கள். தங்கும் காலம்தான் நீளம்.

செல்லுக்குள் குவிவதால் இன்னொரு பலனும் உண்டு. சில கிருமிகள் வெள்ளையணுவுக்குள்ளேயே ஒளிந்து வாழும். குதிரைக்குட்டிகளின் நுரையீரலில் சீழ்க்கட்டிகளை உண்டாக்கும் ரோடோகாக்கஸ் எக்வை அப்படிப்பட்டது. மேக்ரோலைடையும் ரிஃபாம்பிசின் என்ற வேறு குடும்பத்து ஆன்டிபயாட்டிக்கையும் சேர்த்துக் கொடுக்கும் வழக்கம் 1980-களில் வந்த பிறகுதான் இந்த நோயில் குட்டிகள் சாவது வெகுவாகக் குறைந்தது.

நாய் வளர்ப்பவர்களுக்கும் இதில் ஒரு செய்தி இருக்கிறது. உண்ணிக் காய்ச்சல் என்று நாம் சொல்லும் நோய்களில் ஒன்று பபீசியா கிப்சோனை என்ற ஒட்டுண்ணியால் வருவது. அது பாக்டீரியா இல்லை. ஆனாலும் அசித்ரோமைசினை அடோவாகுவோன் என்ற மருந்தோடு சேர்த்துக் கொடுக்கிறார்கள். அந்த ஒட்டுண்ணியின் செல்லுக்குள் இருக்கும் ஓர் உறுப்பு, பழங்காலத்து பாக்டீரியாவின் வழிவந்தது. அதற்குள் பாக்டீரியா வகை ரைபோசோம் இருக்கிறது. மருந்து பிடிப்பது அங்கேதான்.

எந்த விலங்குக்கு ஆபத்து?

ஒரு விலங்குக்கு மருந்தாக இருப்பது இன்னொன்றுக்கு நஞ்சாகலாம். வளர்ந்த குதிரையும் முயலும் புல்லைச் செரிப்பது பெருங்குடல் பகுதியில் வாழும் நல்ல பாக்டீரியாக்களின் உதவியால். மேக்ரோலைடு அந்தக் கூட்டத்தின் சமநிலையைக் குலைத்துவிட்டால், குளோஸ்ட்ரிடியம் போன்ற நஞ்சு சுரக்கும் கிருமிகள் பெருகும். கடுமையான பேதியாகி உயிர் போகலாம். ஸ்வீடனில், எரித்ரோமைசின் கொடுக்கப்பட்ட குட்டிகளோடு இருந்த தாய்க்குதிரைகளுக்கே இப்படிப் பேதி கண்டது பதிவாகியிருக்கிறது. தாய்க்குத் தற்செயலாகப் போய்ச் சேர்ந்த சொற்ப அளவே போதுமானதாக இருந்தது. அசைபோடும் வளர்ந்த மாட்டுக்கு எரித்ரோமைசினை வாய்வழி கொடுப்பதும் நல்லதில்லை. முதல் வயிற்றின் நுண்ணுயிர்கள் குலையும்.

டில்மிகோசின் ஊசியைப் பற்றித் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். அது இதயத்தைத் தாக்கக்கூடியது. மாட்டுக்குத் தோலுக்கடியில்தான் போட வேண்டும். இரத்தக் குழாயில் ஏற்றினால் மாடு செத்துவிடும். வெள்ளாடு, குதிரை, பன்றி மூன்றுக்கும் இந்த ஊசியே கூடாது. மாட்டுக்கு வாங்கி மீந்ததை வெள்ளாட்டுக்குப் போடும் பழக்கம் எங்கே கொண்டுபோய் விடும் என்று யோசித்துப் பாருங்கள். மனிதருக்கும் அப்படித்தான். திமிறும் மாட்டிடம் ஊசி நழுவித் தன்மேலேயே குத்திக்கொண்டு இறந்தவர்கள் உண்டு. இதற்கு மாற்றுமருந்து கிடையாது. குத்திவிட்டால் அந்த இடத்தில் ஐஸ் வைத்தபடி, மருந்துப் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு, உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். "கொஞ்சம்தானே" என்று காத்திருக்கக் கூடாது.

கிருமி எப்படித் தப்பிக்கிறது?

ஒரே ஒரு வேதி எழுத்தை நம்பித்தான் மருந்து நிற்கிறது என்று பார்த்தோம். கிருமியின் தப்பிக்கும் வழியும் அங்கேதான். சில பாக்டீரியாக்கள் அந்த எழுத்தின் மேல் ஒரு சிறு வேதித் துணுக்கை ஒட்டிவிடுகின்றன. ரைபோசோம் வழக்கம்போல ஓடும். மருந்துக்கு ஒட்ட இடம் இருக்காது. இதைச் செய்யும் மரபணுக்களை எர்ம் மரபணுக்கள் என்பார்கள். ஒரு கிருமியிலிருந்து இன்னொரு கிருமிக்கு இவை தாவும்.

ஒட்டும் இடமே மாறிவிட்டதால் இழப்பு டைலோசினோடு நிற்காது. எரித்ரோமைசினும் போகும். அதே இடத்தைப் பிடிக்கும் லின்கோமைசின், கிளின்டாமைசின் போன்ற வேறு குடும்பத்து மருந்துகளும் போகும். மனிதர்களின் நோய்களுக்கு மேக்ரோலைடுகள் மிக முக்கியமானவை என்று உலக சுகாதார நிறுவனம் வகைப்படுத்தியிருக்கிறது. டைலோசின் கால்நடைக்கு மட்டும் உரிய மருந்துதானே என்று ஆறுதல் கொள்ள முடியாத நிலை இது.

அமெரிக்காவின் கென்டக்கி குதிரைப் பண்ணைகளில் நடந்தது நல்ல எடுத்துக்காட்டு. ரோடோகாக்கஸ் நோயைச் சீக்கிரமே பிடித்துவிட வேண்டும் என்று எல்லாக் குட்டிகளின் நெஞ்சையும் ஸ்கேன் செய்தார்கள். நோய்க்குறி எதுவும் இல்லாமல் சிறு கட்டி மட்டும் தெரிந்த குட்டிகளுக்கும் மேக்ரோலைடும் ரிஃபாம்பிசினும் கொடுத்தார்கள். எண்ணம் நல்லதுதான். ஆனால் ஆண்டுகள் செல்லச் செல்ல மருந்துக்கு அடங்காத கிருமிகள் அந்தப் பண்ணைகளில் பெருகின. அவற்றில் புதிய எர்ம் மரபணு ஒன்றும் கண்டறியப்பட்டது. ஜெர்மனியில் நடந்த ஆய்வுகளோ, சிறு கட்டிகள் கொண்ட குட்டிகளில் பல மருந்தே இல்லாமல் தாமாகத் தேறுவதைக் காட்டின. தேவையில்லாத குட்டிக்குக் கொடுத்த மருந்தின் விலையைத் தேவைப்பட்ட குட்டி கட்ட வேண்டியதாயிற்று.

தீவனத்தில் சிறிதளவு டைலோசின் கலந்தால் பன்றியும் கோழியும் சீக்கிரம் எடை கூடும் என்று பல நாடுகளில் பல ஆண்டுகள் செய்துவந்தார்கள். குறைந்த அளவில் நெடுநாள் மருந்து. தப்பிக்கும் கிருமிக்கு இதைவிட வசதியான சூழல் கிடைக்காது. ஐரோப்பிய ஒன்றியம் டைலோசினையும் ஸ்பைராமைசினையும் வளர்ச்சியூக்கியாகப் பயன்படுத்துவதை 1999-இல் நிறுத்தியது. மருத்துவ முக்கியத்துவம் உள்ள ஆன்டிபயாட்டிக்குகளை இப்படிப் பயன்படுத்துவது அமெரிக்காவில் 2017-இல் முடிவுக்கு வந்தது. நம் ஊர்ப் பண்ணையாளர்கள் தீவன மூட்டையின் லேபிளைப் படித்துப் பார்ப்பது நல்லது.

சுருக்கமாக: மருந்து நுரையீரலிலும் செல்களுக்குள்ளும் குவிவது அதன் பலம். சில விலங்குகளின் குடலையும் இதயத்தையும் தாக்குவது அதன் ஆபத்து. தேவையில்லாமல் கொடுப்பது கிருமிக்குத் தப்பிக்கக் கற்றுக்கொடுப்பது.

பாலிலும் முட்டையிலும் எத்தனை நாள்?

இரத்தத்தைவிடப் பால் சற்று அமிலத்தன்மை கொண்டது. லைசோசோமில் நடந்த அதே சங்கதி மடியிலும் நடக்கும்: மேக்ரோலைடு இரத்தத்தைவிடப் பாலில் அதிகமாகச் சேரும். மடிநோய்க்கு இது வரம். பால் குடிப்பவருக்கு இது சிக்கல். கழுத்தில் போட்ட ஊசி மடிக்கு எப்படிப் போகும் என்று கேட்பவர்களுக்கும் இதுவே பதில். காய்ச்சுவதால் மருந்து முழுதாக அழிந்துவிடாது. மருந்தின் எச்சம் மிகுந்த பாலில் தயிர் சரியாக உறையாமல் போவதும் உண்டு.

கடைசி மருந்துக்குப் பிறகு பால், முட்டை, இறைச்சி ஆகியவற்றை விற்காமல் காத்திருக்க வேண்டிய நாட்களை விலக்குக் காலம் என்கிறோம். இந்தியாவில் 2012-இல் வந்த மருந்து விதித் திருத்தத்தின்படி, உணவுக்கான விலங்குகளுக்கு உரிய மருந்தின் லேபிளில் இந்தக் காலம் அச்சிடப்பட வேண்டும். குறிப்பிட்ட மருந்துக்கென்று காலம் தீர்மானிக்கப்படாவிட்டால் பாலுக்கும் முட்டைக்கும் குறைந்தது 7 நாள், கோழி மற்றும் கால்நடை இறைச்சிக்குக் குறைந்தது 28 நாள். துலாத்ரோமைசின் போன்ற நெடுநாள் தங்கும் மருந்துகளை மக்கள் குடிக்கும் பாலைக் கறக்கும் மாடுகளுக்குப் போடவே ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அனுமதி இல்லை.

மருத்துவர் ஊசி போட்டதும் மருந்தின் பெயர், தேதி, விலக்குக் காலம் மூன்றையும் கேட்டுக் கொட்டகைச் சுவரிலாவது எழுதி வையுங்கள். வீட்டில் பால் கறப்பவர் ஒருவர், சொசைட்டிக்குக் கொண்டுபோய் ஊற்றுபவர் வேறொருவர் என்றால் இது இன்னும் அவசியம்.

விற்க முடியாத அந்தப் பாலைக் கன்றுக்கு ஊட்டலாமா என்பது பலருக்கு வரும் கேள்வி. வீணாகிறதே என்ற வருத்தம் நியாயமானதுதான். ஆனால் அந்தப் பாலில் இருப்பது நோயைத் தீர்க்கும் அளவுக்குப் போதாத, குடல் கிருமிகளைப் பழக்கிவிடும் அளவுக்குப் போதுமான மருந்து. அதைக் குடித்த கன்றின் சாணத்தில் மருந்துக்கு அடங்காத கிருமிகள் கூடுதலாக வெளிவருகின்றன. பிறந்த கன்றுக்குச் சீம்பாலைத் தாமதிக்காமல் கொடுங்கள்; அதற்குப் பிறகு, மருந்து போடாத மாட்டின் பாலைக் கொடுங்கள். விலக்குக் காலத்துப் பாலைக் குடிநீரோ மீன்குளமோ பக்கத்தில் இல்லாத இடமாகப் பார்த்துக் குழியில் கொட்டி மண்ணைத் தள்ளி மூடிவிடுங்கள்.